எஸ்எம்பிஎஸ்ஸை லோடு கொடுத்துப் பார்க்க எந்த வழி நல்லது?

“டெஸ்டர்ல எல்லாம் சரின்னுதானே காட்டுது தம்பி, அப்புறம் ஏன் ரீஸ்டார்ட் ஆகுது?”

டிடிபி சென்டர் நடத்தும் ஓர் அக்கா என் கடைக்கு வந்து கேட்ட கேள்வி. கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்று கையில் இருந்தது, அச்சுக்குப் போக நாலு நாள்தான். ஃபைலைத் திறப்பார், எழுத்தைத் திருத்துவார், ஒன்றும் ஆகாது. மொத்தப் பக்கங்களையும் பிடிஎஃப் ஆக்கக் கொடுத்தால் பாதியில் திரை கறுத்துவிடும், கம்ப்யூட்டர் தானே மறுபடி கிளம்பும். அதற்கு முன் காட்டிய இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸை (சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய வோல்டேஜ்களாக மாற்றித் தரும் பெட்டி) கழற்றி, கையடக்க டெஸ்டரில் செருகிப் பார்த்து, “இது நல்லா இருக்கு, மதர்போர்டு போச்சு” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

டெஸ்டர் பொய் சொல்லவில்லை. லோடு இல்லாதபோது, அதாவது அதிலிருந்து எதுவும் கரன்ட் இழுக்காதபோது, அந்த எஸ்எம்பிஎஸ் நன்றாகத்தான் இருந்தது. காலி வண்டி மேடு ஏறியதைப் பார்த்துவிட்டு நாற்பது மூட்டை நெல்லை ஏற்றலாம் என்று முடிவு கட்டியது போலத்தான் அது. எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க அரை டஜன் வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு லோடு கொடுக்கிறது, எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று தெரிந்தால்தான் நமக்கு எது தேவை என்று சொல்ல முடியும்.

முதலில் அளவுகோல். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி (3.0க்கு முந்தையது) 12, 5, 3.3 வோல்ட் லைன்கள் 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அதாவது மஞ்சள் ஒயரில் 11.40 முதல் 12.60 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை. நீல ஒயரில் வரும் மைனஸ் 12க்கு மட்டும் 10 சதவீதம் விட்டிருக்கிறார்கள். இந்த எல்லை சும்மா நிற்கும்போது மட்டுமல்ல, முழு லோடிலும் பொருந்த வேண்டும். பலர் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த வழி, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைப்பது. பச்சை ஒயர் கிரவுண்டை, அதாவது கறுப்பைத் தொட்டால் எஸ்எம்பிஎஸ் கிளம்ப வேண்டும், ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். (சில பழைய மாடல்கள் கொஞ்சமாவது லோடு இல்லாமல் நிற்காது. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். லோடு குறைவாக இருந்தால் ஃபேனையே சுற்றவிடாத மாடல்களும் உண்டு.) சுற்றினால் உயிர் இருக்கிறது என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் டெஸ்டர் அதைவிட ஒரு படி மேல். எல்லா லைனின் வோல்டேஜையும் ஒரே நேரத்தில் காட்டும். பிஜி என்ற இடத்தில் ஓர் எண் வரும், அது “எல்லா வோல்டேஜும் சரி” என்று எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்குச் சொல்லும் பவர் குட் சிக்னல் எத்தனை மில்லி செகண்டில் வந்தது என்பது. 100க்கும் 500க்கும் நடுவில் இருந்தால் சரி. ஒரு லைன் அடியோடு இல்லை, பவர் குட் வரவில்லை என்பது போன்ற குறைகளை ஒரே நிமிடத்தில் பிடித்துவிடலாம், அதனால் என் மேஜையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் மிகச் சிறியது, அது இழுக்கிற கரன்ட் ஒரு லோடே அல்ல. இது காட்டும் “சரி”யை வைத்து யாரையும் மதர்போர்டு வாங்கச் சொல்லக் கூடாது.

மூன்றாவது வழிதான் வீட்டில் இருப்பவருக்கு மிகவும் பயன்படுவது, ஆனால் குறைவாகச் செய்யப்படுவது. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றவே வேண்டாம். கம்ப்யூட்டரையே லோடாக வைத்து மல்டிமீட்டரால் அளந்துவிடலாம்.

மீட்டரை டிசி 20 வோல்டில் வையுங்கள். இரண்டு புரோபிலும் நுனியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். கை வழுக்கி மஞ்சளும் கறுப்பும் ஒட்டினால் நல்ல எஸ்எம்பிஎஸ் உடனே அணைந்துவிடும், மட்டமானது அணையாமல் பொறி பறக்கவிடும். சும்மா தொங்கும் ஒரு மோலெக்ஸ் கனெக்டரில் (நாலு பின் உள்ள பழைய வகை) கறுப்பு ஒயரில் கறுப்பு புரோப், மஞ்சளில் சிவப்பு. விண்டோஸ் டெஸ்க்டாப் வந்து அமைதியாக நிற்கும்போது ஓர் அளவை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் லோடு. ஓசிசிடி மென்பொருளில் பவர் என்றே ஒரு டெஸ்ட் இருக்கிறது, பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தே வேலை வாங்கும். இல்லையென்றால் பிராசஸருக்கு பிரைம்95, கிராபிக்ஸ் கார்டுக்கு ஃபர்மார்க் இரண்டையும் ஒன்றாக ஓட்டலாம். கேபினட் மூடியை முடிந்தவரை மூடி வைத்து, குறைந்தது இருபது நிமிடம் ஓட்டுங்கள். கெட்டுப்போகத் தொடங்கிய எஸ்எம்பிஎஸ்களில் பல, சூடு ஏறிய பிறகுதான் சாயம் வெளுக்கும்.

அக்காவின் கம்ப்யூட்டரில் இதைத்தான் செய்தேன், மென்பொருளுக்குப் பதில் அவருடைய மலரையே பிடிஎஃப் ஆக்கக் கொடுத்தேன். அமைதியில் 12.04. வேலை தொடங்கியதும் 11.71. அதுவும் விதிக்குள்தான், ஆனால் இறக்கம் பெரிது. கால் மணி நேரத்தில் 11.43, அப்புறம் 11.39, பிறகு மீட்டரில் எண் மாறுவதற்குள் திரை கறுத்துவிட்டது. அக்கா என் பக்கத்தில் நின்றுகொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இறங்குது, இறங்குது” என்று அவரே சொன்னார். நான் தனியாக விளக்கவே தேவைப்படவில்லை.

மதர்போர்டில் இருக்கும் சென்சாரை மென்பொருளில் படித்தால் போதாதா, மீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. போர்டில் இருக்கும் சிப், 12 வோல்டை ரெசிஸ்டர்களால் குறைத்து வாங்கித்தான் படிக்கிறது, அந்தக் கணக்கு போர்டுக்குப் போர்டு கொஞ்சம் தப்பும். சில மாடல்களில் மென்பொருள் தவறான கணக்கைப் போட்டு 8 வோல்ட் என்றுகூடக் காட்டும். உண்மையில் 8 வோல்ட் வந்திருந்தால் அந்த எண்ணைக் காட்ட கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்காது. ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. சும்மா தொங்கும் மோலெக்ஸில் அளந்த பிறகு, கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கும் கனெக்டரின் பின்பக்கம், ஒயர் நுழையும் துளை வழியாகப் புரோபை விட்டு அங்கேயும் அளக்கலாம். மோலெக்ஸ் ஒயரில் கரன்ட் ஓடவில்லை, அதனால் அங்கே தெரிவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வோல்டேஜ். கார்டின் வாயில் தெரிவது ஒயரையும் பின்னையும் கடந்து வந்து சேர்ந்தது. மோலெக்ஸில் 11.95, கார்டில் 11.40 என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் குற்றம் இல்லை. பின் தளர்ந்திருக்கும், அல்லது ஒரே கேபிளில் இரண்டு கனெக்டரைப் பிரித்துச் செருகியிருப்பார்கள். கழற்றிப் பாருங்கள், வெள்ளை பிளாஸ்டிக் பழுத்திருக்கும், கறுப்பு என்றால் பளபளப்பு போய் நெளிந்திருக்கும். இப்படி ஒரு முறை, புது எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்த பையனை நிறுத்தி, தனிக் கேபிள் ஒன்று போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

குறை என்னவென்றால், கம்ப்யூட்டர் இழுக்கும் அளவுக்குத்தான் லோடு. 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை, மொத்தமே 200 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரில் வைத்து “650க்கு நிற்கிறது” என்று சொல்ல முடியாது. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று இருந்தால் உண்மையான லோடு தெரிந்துவிடும். சுவரில் 300 வாட் காட்டி, எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 85 சதவீதம் என்றால் உள்ளே போவது 255. நம் கம்ப்யூட்டர் நின்றால் நமக்குப் போதும் என்பவருக்கு இது குறையே இல்லை. பழைய எஸ்எம்பிஎஸ் விற்பவருக்கு இது பெரிய குறை.

மீட்டருக்கும் ஒரு கண் மறைவு உண்டு. சாதாரண மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் மில்லி செகண்டுக்கும் குறைந்த நேரத்தில் திடீரென்று இரண்டு மடங்கு வரை கரன்ட் இழுத்துவிட்டுத் திரும்பிவிடும். 2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, பெரிய எஸ்எம்பிஎஸ்கள் தங்கள் வாட் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்ட் தாங்க வேண்டும் என்று சொன்னதே இந்தத் துள்ளலுக்காகத்தான். ஃபர்மார்க்கில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும் கம்ப்யூட்டர், கேமில் பத்தாவது நிமிடம் அணைந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஃபர்மார்க் ஒரே சீராக இழுக்கிறது, கேம் ஏறி இறங்கி இழுக்கிறது. அப்படி அணைந்தது, பின்னால் இருக்கும் சுவிட்சைச் சில நொடி அணைத்துப் போட்டால் மட்டுமே மறுபடி கிளம்புகிறதா? அப்படியானால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு சர்க்யூட் பூட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருப்பதை வைத்து எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவு செய்ய வேண்டாம். முறையாக மூடாமல் அணைந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை.

மாற்றிப் பார்ப்பது நாலாவது வழி. நல்லதென்று தெரிந்த இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, அதே வேலையைக் கொடுப்பது. அறிவியல் கருவி எதுவும் வேண்டாம், துள்ளல் உட்பட எல்லாமே சோதனைக்குள் வந்துவிடும். ஒரு கம்ப்யூட்டரின் கோளாறைக் கண்டுபிடிக்க இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியாது. அக்காவுடையதில் என் கடை எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டியதும் மலர் முழுதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் என்றால், எஸ்எம்பிஎஸ்ஸோடு அதன் கேபிள்களையும் சேர்த்து மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே வேறு. கச்சிதமாகப் பொருந்தும், ஆன் செய்ததும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 போகும். ஹார்ட் டிஸ்க்கும் அதில் இருந்த பத்து வருடப் புகைப்படங்களும் அந்த ஒரு நொடியில் போய்விடும்.

அடுத்தது பல்பு. கம்ப்யூட்டரை ஆபத்தில் வைக்காமல், எவ்வளவு லோடு வேண்டுமோ அவ்வளவு கொடுக்க மலிவான வழி கார் ஹெட்லைட் பல்பு. எச்4 ஹாலஜன் பல்பின் 60 வாட் இழை 12 வோல்டில் சுமார் 5 ஆம்ப் இழுக்கும். நாலு பல்பு போட்டால் 20 ஆம்ப், 240 வாட். ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் பல்பும் ஹோல்டரும் கிடைக்கும். ஒவ்வொரு பல்புக்கும் 30 ஆம்ப் ஹார்ன் ரிலே ஒன்று வைத்தால் சின்ன சுவிட்சாலேயே போட்டு அணைக்கலாம். 5 வோல்ட் லைனிலும் அதே பல்பைப் போடலாம், மங்கலாக எரிந்து ஏறத்தாழ 3 ஆம்ப் இழுக்கும். கணக்காக வேண்டும் என்பவர்கள் அலுமினிய உறை போட்ட 1 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் வைத்து 5 ஆம்ப் இழுக்கலாம்.

பல்பில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. குளிர்ந்த இழைக்கு ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு. சுவிட்ச் போட்ட கணத்தில் எரியும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். நாலையும் ஒரே சுவிட்சில் போட்டால் நல்ல எஸ்எம்பிஎஸ்கூட ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும், நாம் அதைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவோம். ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எல்லா கரன்டையும் ஒரே மோலெக்ஸ் வழியாக இழுக்கக் கூடாது, பிராசஸர் கனெக்டருக்கும் கிராபிக்ஸ் கனெக்டர்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். பல்பைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு பிளாஸ்டிக், காகிதம் எதுவும் வேண்டாம். கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடியுங்கள்.

அக்காவின் எஸ்எம்பிஎஸ்ஸை, இப்படிப் பல்புகளைப் பொருத்திய என் பலகையிலும் ஏற்றினேன். லேபிளில் பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில் 12 வோல்டுக்கு 16 ஆம்ப். பெருக்கினால் 192 வாட். இன்றைய கம்ப்யூட்டர் ஏறக்குறைய எல்லாவற்றையும் 12 வோல்டிலிருந்துதான் இழுக்கிறது, ஆகவே அந்தப் பெட்டியின் உண்மையான பலம் 192தான். முதல் பல்பில் 11.82. இரண்டாவதில் 11.50. மூன்றாவதைப் போட்டதும் மூன்று பல்புமே கண்ணுக்குத் தெரியும்படி கொஞ்சம் மஞ்சளாகின, மீட்டரில் 11.10. லேபிள் சொன்ன 16 ஆம்பைக்கூட இன்னும் தொடவில்லை. அதே நேரத்தில் சிவப்பு ஒயரில் 5.31. ஒன்று இறங்க இன்னொன்று ஏறுகிறது என்றால், 12க்கும் 5க்கும் உள்ளே ஒரே கட்டுப்பாடு என்று பொருள். ஒரு பக்கம் பாரம் கூடினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். 12 வோல்டிலிருந்து 5ஐயும் 3.3ஐயும் தனித்தனியாக இறக்கும் இப்போதைய நல்ல மாடல்களில் இந்தத் தராசு ஆட்டம் இருக்காது. ஒரு கம்ப்யூட்டருக்குள் வைத்து இதை இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க முடியாது, பல்புப் பலகையின் அருமை அங்கேதான்.

எலக்ட்ரானிக் டிசி லோடு என்று தனிக் கருவி உண்டு. குமிழைத் திருகி இத்தனை ஆம்ப் என்று வைத்தால் அதையே இழுக்கும். மலிவாகக் கிடைப்பவை 60 வாட், 150 வாட் தாங்கும். ஒரு முழு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது பத்தாது, பல்போடு சேர்த்து நுணுக்கமாக ஏற்ற உதவும். ஆய்வுக்கூடங்களில் இருப்பது போல எல்லா லைனையும் ஒரே நேரத்தில் இழுக்கும் கருவி ஒரு சர்வீஸ் கடை வாங்கும் விலையில் இல்லை.

இதுவரை சொன்ன எதிலும் அகப்படாதது ரிப்பிள். வோல்டேஜ் சராசரியில் 12.0 என்றே நிற்கும், ஆனால் மேலே சிற்றலை போல ஏற்ற இறக்கம் ஓடும். 12 வோல்டில் அது உச்சிக்கு உச்சி 120 மில்லி வோல்ட், 5லும் 3.3லும் 50க்கு மேல் போகக் கூடாது. உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் காய்ந்துபோனால் முதலில் கூடுவது இதுதான். மீட்டரை ஏசியில் வைத்துப் பார்க்கலாமே என்றால், பெரும்பாலான மீட்டர்களுக்கு ஆயிரம் ஹெர்ட்ஸ் தாண்டினாலே காது கேட்காது, எஸ்எம்பிஎஸ் வேலை செய்வதோ பல்லாயிரம் ஹெர்ட்ஸில். வோல்டேஜின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும். 20 மெகா ஹெர்ட்ஸ் எல்லையில் வைத்து, அளக்கும் இடத்தில் 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக்கும் 10 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கும் போட்டு, கிரவுண்ட் ஒயரை முடிந்தவரை குட்டையாக வைத்து, லோடு ஏற்றியபடி பார்க்க வேண்டும். கிரவுண்ட் ஒயர் நீளமாகத் தொங்கினால் அது ஏரியல் போல இரைச்சலைப் பிடித்து நல்லதையும் கெட்டதாகக் காட்டும். ரிப்பேர் செய்து கொடுப்பவருக்கு ஸ்கோப் அவசியம். மற்றவர்கள் இதற்காக மட்டும் வாங்க வேண்டாம்.

எந்த வழியாக இருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே டிசி ஆகும்போது 325 வோல்ட் ஆகிவிடும், பிஎஃப்சி (சுவரிலிருந்து கரன்டைச் சீராக இழுக்கவைக்கும் சர்க்யூட்) உள்ள மாடலில் 400க்குப் பக்கம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகிக்கும் முன் சுவர் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். அதே போல, கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மட்டும் கம்ப்யூட்டர் அணைகிறது என்றால் இந்தச் சோதனைகள் எதுவும் தேவையில்லை. எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் தாக்குப்பிடிப்பது முழு லோடில் 16, 17 மில்லி செகண்ட் அளவுதான். இன்வெர்ட்டர் அதைவிட மெதுவாக மாறினால் எஸ்எம்பிஎஸ் என்ன செய்யும்? இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

சரி, யார் எதை எடுப்பது? ஒரே ஒரு கம்ப்யூட்டர், அது லோடில் அணைகிறது என்றால் மல்டிமீட்டரும் ஓசிசிடியும் முதலில், நண்பரிடம் கடன் வாங்கிய எஸ்எம்பிஎஸ் இரண்டாவது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு மல்டிமீட்டர் விலைதான் செலவு, பத்தில் ஒன்பது சந்தேகம் அதோடு தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். லேபிளில் 12 வோல்ட் ஆம்ப் குறைவாக, பேர் தெரியாத பெட்டியாக, ஐந்தாறு வருடம் ஓடியதாக இருந்தால் சோதிக்கும் நேரத்தைக்கூட அதற்குக் கொடுக்க மாட்டேன். மாற்றிவிடச் சொல்வேன். நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ், வாரன்டி பாக்கி இருக்கிறது என்றால் லோடில் எடுத்த எண்களை எழுதி, மீட்டரோடு படம் எடுத்துக் கொடுங்கள், மாற்றித் தருவதில் பேச்சு குறையும்.

பழைய எஸ்எம்பிஎஸ் வாங்கி விற்பவர், பத்து இருபது கம்ப்யூட்டரைப் பராமரிக்கும் பள்ளி லேப் பொறுப்பாளர், ரிப்பேர் செய்பவர் மூவரும் பல்புப் பலகை செய்துகொள்ளத்தான் வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையிலோ எஸ்எம்பிஎஸ் வாங்கப் போகிறவர்கள், “டெஸ்ட் பண்ணியாச்சு சார்” என்று சொன்னால் “எத்தனை ஆம்ப்ல?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அந்தக் கடையில் வாங்கலாம்.

அக்கா புதிதாக 450 வாட் ஒன்றையே வாங்கினார், 12 வோல்டில் 36 ஆம்ப் எழுதியது. மாட்டிவிட்டு மலரை மறுபடி பிடிஎஃப் ஆக்கக் கொடுத்தேன். அமைதியில் 12.09, கடைசிப் பக்கத்தில் 12.05. இரண்டு எண்ணையும் தேதியோடு ஒரு ஸ்டிக்கரில் எழுதி எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன், மூன்று வருடம் கழித்து யார் திறந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க. பழையதை அக்கா எடுத்துப் போகவில்லை. அதன் மேல் “3 பல்பு – 11.10” என்று மார்க்கரில் எழுதி, பச்சை ஒயரை வெட்டிவிட்டு, காயலான் கடைக்குப் போகும் பெட்டியில் போட்டுவிட்டேன்.